டிஸ்கில் ஒரு சந்தனப் பொட்டு

டிஸ்கின் பளபளக்கும் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம். வைத்த விரலின் ரேகைகூட ஓரத்தில் தெரிந்தது. பொட்டிலிருந்து விளிம்பை நோக்கி மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள் இழுத்துக்கொண்டு போயிருந்தன. ஈரம் காய்வதற்கு முன்பே டிஸ்க் சுழன்றிருக்கிறது.

அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை அன்று மதியம். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெரு முழுக்கப் பூசணிக்காய் உடைத்த சதையும் குங்குமத் தண்ணீருமாகக் கிடந்தது. வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. எங்கேயோ ஒலிபெருக்கியில் நாதஸ்வரம்.

என் பின்னால் மைத்துனன் மனோகர் நின்றான். கையில் பொரி கடலைப் பொட்டலம். அதிலிருந்து எடுத்த ஒரு பிடியை வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தான்.

டிஸ்கில் இருந்தது எங்கள் வீட்டுச் சமாசாரம் அல்ல. காக்ஸ் டவுன் ஃபிலோமினா டீச்சரின் கல்யாணம். அதற்கு வேறு பிரதி கிடையாது. அதைப் பார்ப்பதற்காக அவருடைய மாமியார் கோலார் தங்கவயலிலிருந்து ரயில் ஏறி வந்துவிட்டார் என்று சற்று முன்புதான் ஃபோன் வந்திருந்தது.

வாங்கலாமா?

டிவிடி ரெக்கார்டர் என்ற பொருளை நான் வாங்கியதற்குக் காரணம், அதைப் பற்றி எழுதியதுதான்.

எங்கள் பத்திரிகையின் பெங்களூர்ப் பதிப்பில் வாரம் ஒரு நாள் வீட்டுச் சாமான்களைப் பற்றி ஒரு சின்னப் பத்தி வரும். ஒரு பக்கம் நிறை, ஒரு பக்கம் குறை, அடியில் ஒரு வரித் தீர்ப்பு. எழுத ஆள் கிடைக்காத வாரங்களில் அது என் மேஜைக்கு வந்துவிடும். மிக்ஸி, வாட்டர் ஃபில்டர், இன்வர்ட்டர் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் ஒரு வாரம் இது வந்தது.

நிறை என்று நான் எழுதியவை: டேப்பைப் போலச் சுருட்ட வேண்டியதில்லை, பூஞ்சை பிடிக்காது. டைமர் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம், நிகழ்ச்சி தானாகப் பதிவாகும். வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டுகளை டிஸ்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

குறை: விலை. அடுத்து, டிஸ்கில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு வகை. சில மிஷின்கள் ஒன்றைத்தான் ஏற்கும். அடுத்து, பதிந்து முடித்ததும் டிஸ்கை ‘ஃபைனலைஸ்’ செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பதிந்த மிஷினைத் தவிர வேறு எதிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. செய்துவிட்டால் அதில் மேற்கொண்டு எதையும் சேர்க்க முடியாது.

இந்தக் கடைசிக் குறைக்குப் பத்தியில் இடம் போதவில்லை. இரண்டு வாக்கியத்தை ஒன்றாகச் சுருக்கினேன். தீர்ப்பு வரியில் ‘அவசரமில்லாதவர்கள் காத்திருக்கலாம்’ என்று எழுதினேன். அடுத்த மாதம் நானே போய் வாங்கினேன்.

அதற்கு முன்பு எங்கள் தெருவுக்குத் தெரிந்தது கேசட் போட்டுப் படம் பார்க்கும் வீடியோ டெக்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வாடகை டெக் ஒன்று சைக்கிள் கேரியரில் தலையணை உறைக்குள் வரும். பின்னாலேயே கேசட்டுகள் வரும். யார் வீட்டில் போடுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டெக் இருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த இரவு மட்டும் தனி மரியாதை. காலையில் தலையணை உறையோடு மரியாதையும் திரும்பிப் போகும்.

ரெக்கார்டரின் மரியாதை அப்படி ஓர் இரவில் போகவில்லை. அதுவும் ஒரு குறைதான். பத்தியில் நான் எழுதாதது. பக்கத்து வீட்டார் காதுகுத்துக் கேசட்டோடு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கிரிக்கெட் மேட்சைப் பிடித்து வைக்கச் சொன்னார். அதன்பின் அதைக் கேட்டு வரவே இல்லை. என் மனைவி வசந்தா பள்ளிக்கூடத்து டீச்சர். சாயங்கால சீரியலுக்கு டைமர் வைத்துவிட்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுவாள். டிஸ்குகள் சேர்ந்துகொண்டே போயின. பதிந்துவிட்டோம் என்ற திருப்தியே பார்த்துவிட்ட திருப்தியாகிவிடுகிறது என்பதை அந்த அலமாரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

துணிக்கடைப் பையில் ஒரு கேசட்

ஃபிலோமினா டீச்சர் வசந்தாவின் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்த்தவர். பெரிய குரல் இல்லாத, வகுப்பில் பிரம்பைத் தொடாத டீச்சர் என்று வசந்தா சொல்வாள். ஒரு நாள் துணிக்கடைப் பைக்குள் ஒரு கேசட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவருடைய கணவர் செல்வராஜ் கோலார் தங்கவயல்காரர். பெங்களூர்த் தமிழர்கள்மேல் கலவரம் நடந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் காக்ஸ் டவுன் பக்கத்துச் சர்ச் ஒன்றில் அவர்கள் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்காக அவர் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். அம்மா முனியம்மாள் கல்யாணத்துக்கு வரவில்லை. மகன் சாமியை மாற்றிக்கொண்டதைவிடப் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொண்டதுதான் அந்த அம்மாவுக்கு ஆறவில்லையாம். செல்வராஜ் என்பது சுரங்கத்தில் செத்துப்போன அப்பா வைத்த பெயர்.

அதன்பின் செல்வராஜ் மாதம் ஒரு முறை தனியாக ரயிலேறித் தங்கவயலுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். ஃபிலோமினா டீச்சர் அவரோடு போனதில்லை; மாமியார் கூப்பிட்டதும் இல்லை. குழந்தைகள் இல்லை. முந்தைய வருஷம் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்த செல்வராஜ் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு முனியம்மாள் வந்தார். கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நின்றார். அப்படியே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார்.

பிறகு பல மாதம் பேச்சில்லை. திடீரென்று சொந்தக்காரர் ஒருவர் மூலம் செய்தி வந்தது. கல்யாண கேசட் இருக்கிறதாமே, ஒரு தடவை காட்டச் சொல்.

ஃபிலோமினா டீச்சர் வீட்டில் டெக் எப்போதோ கெட்டுப்போய்விட்டது. டிவிடி பிளேயர்தான் இருந்தது. அதனால்தான் கேசட்டை எங்களிடம் கொண்டுவந்தார்.

“அவங்க எங்கிட்ட இதுவரைக்கும் கேட்டது இது ஒண்ணுதான் மிஸ்” என்றார் வசந்தாவிடம். காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

கல்யாணம் இரண்டு கேசட்டுகளில் இருந்தது. சர்ச் ஒன்றில், சாயங்கால விருந்து இன்னொன்றில். விருந்துக் கேசட்டைக் காணவில்லை, தேடிக் கொண்டுவருகிறேன், இரண்டையும் ஒரே டிஸ்கில் போட்டுக் கொடுங்கள் என்றார். டிஸ்கை நான் ஃபைனலைஸ் செய்யாமல் வைத்திருந்தது அதற்காகத்தான்.

முதுகுகளின் படம்

அலுவலக நண்பர் ஒருவரின் பரணிலிருந்து டெக் வந்தது. கேசட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. ஒரு தடவை ஓடினால் போதும் என்று வேண்டிக்கொண்டு போட்டேன். ஓடியது. ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன்.

அந்தக் காலத்து வீடியோ எப்படித் தொடங்குமோ அப்படித்தான். இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம், ரோஜாப்பூவுக்குள் பெண் முகம். இரண்டும் சுற்றிச் சுற்றி வந்து மோதிக்கொண்டன. பிறகு சர்ச். அங்கே சாமியார் வீடியோக்காரரைப் பீடத்தின் பக்கமே விடவில்லை போலிருக்கிறது. பின்னால் தலைவாசலில் நின்றபடியே எடுத்திருந்தார். அதனால் படம் முழுக்க முதுகுகள். பெண்ணின் வெள்ளை முக்காடு, மாப்பிள்ளையின் கோட்டு, பெஞ்சுகளில் வரிசையாகப் பின்னல்களும் மல்லிகைப்பூவும்.

ஒரு முகம்தான் தெரிந்தது. மாப்பிள்ளை அடிக்கடி தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். நேராகக் கேமராவையே பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி பீடத்தின் பக்கம் திரும்பினார். பூசை நடக்கும்போதுகூட வீடியோவில் விழ வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன். வருஷக்கணக்கில் பத்திரிகைப் படங்களுக்கு அடிவரி எழுதியவன் நான். பார்த்த மாத்திரத்தில் ஒன்று தோன்றிவிடும்.

பதிவு முடிந்தது. கேசட்டை ரீவைண்ட் செய்தபோது டெக்குக்குள் கரகரவென்று ஒரு சத்தம். டேப் விசிறி மடிப்பாகச் சுருங்கி உள்ளே சுற்றிக்கொண்டது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார். விரலில் கருப்புப் பொடி ஒட்டியது. பூச்சே உரிந்துவிட்டது, இனி இதில் ஒன்றும் இல்லை என்று கன்னடத்தில் சொன்னார்.

அன்றைக்கே ஃபிலோமினா டீச்சருக்கு ஃபோன் செய்து சொன்னோம்.

“டிஸ்க்ல இருக்கில்ல சார்?”

இருக்கிறது என்றேன்.

“அப்ப சரி” என்றார்.

ஓடுகிற பாகம்

ஆயுத பூஜை எங்கள் பத்திரிகைக்கு விடுமுறை. வருஷத்தில் அச்சகம் ஓயும் சில நாட்களில் ஒன்று. மனோகர் காலையிலேயே வந்துவிட்டான். பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவன். கல்யாணம் ஆகாதவன் என்பதால் பண்டிகையெல்லாம் அக்கா வீட்டில்தான்.

ஹாலின் மூலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் எல்லாம் குவிந்தன. வசந்தாவின் சிவப்புப் பேனாக்கள், என் அகராதி, வீட்டு அரிவாள்மனை, கத்தரிக்கோல், மனோகரின் ஸ்பேனர்களும் ஸ்குரூடிரைவர்களும். மறுநாள் காலையில் புனர்பூஜை முடிந்து படத்தை வடக்கே நகர்த்தும்வரை அவற்றை யாரும் தொடக் கூடாது. நகர்த்த முடியாத சாமான்களுக்கு இருந்த இடத்திலேயே பொட்டு. ஃபிரிட்ஜ், மிக்ஸி, டிவி, ஸ்கூட்டர். சந்தனக் கிண்ணத்தை வசந்தா தம்பியிடம் கொடுத்துவிட்டு வடைக்கு அரைக்கப் போய்விட்டாள்.

அதன்பின் நடந்ததை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் பட்டறையில் மிஷினின் உடம்புக்குப் பொட்டு வைப்பதில்லையாம். உடம்பு என்பது வெறும் பெயின்ட். சுழல்கிற பாகம் எதுவோ அதற்குத்தான் மரியாதை. லேத்துக்கு, இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் சக்கில் வைப்பார்கள். துளை போடுகிற மிஷினுக்கு அதன் முனையில். ரெக்கார்டரில் எது சுழல்கிறது என்று பார்த்தான். பொத்தானை அழுத்தி, டிஸ்க் வைக்கும் தட்டை வெளியே வரவழைத்தான். டிஸ்கின் மேல்பக்கத்தில் வசந்தா மார்க்கரால் ‘ஃபிலோ மிஸ் – சர்ச்’ என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சந்தனம் பட்டால் எழுத்து அழிந்துவிடும். அதனால் கவனமாகத் திருப்பி, ஒன்றும் எழுதாத பக்கத்தில் வைத்தான். மறுபடி எழுத்து மேலே வரும்படி போட்டுத் தட்டை உள்ளே தள்ளினான்.

“மேலே எழுதியிருந்துச்சு மாமா. அதான் அந்தப் பக்கம் வைக்கல” என்றான்.

அவன்மேல் கோபப்படக்கூட வழியில்லாத அளவுக்கு அது ஒழுங்கான யோசனையாக இருந்தது.

சாமி முன்னால் ஸ்குரூடிரைவர்

ஃபோன் மதியம்தான் வந்தது. முனியம்மாள் வருவதாகச் சொன்னது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பண்டிகை நாளில் ரயிலில் கூட்டம் இருக்காது என்று யாரோ சொல்ல, சொல்லாமல் கொள்ளாமல் அன்றே கிளம்பி வந்துவிட்டார். ஓர் இரவுக்கு மேல் தங்க மாட்டார். விருந்துக் கேசட் கிடைக்கவில்லை, இருப்பது போதும், டிஸ்கைக் கொண்டுவந்து தர முடியுமா என்று ஃபிலோமினா டீச்சர் கேட்டார். ஃபைனலைஸ் செய்து எடுத்துவருகிறேன் என்றேன்.

பொத்தானை அழுத்தினேன். உள்ளே எதுவோ தேடித் தேடி உறுமியது. திரையில் ‘டிஸ்க் எரர்’ என்று வந்தது. தட்டை வெளியே எடுத்தபோதுதான் பொட்டைப் பார்த்தேன்.

டிஸ்கைத் தண்ணீரில் கழுவிவிடலாம். ஆனால் சுழன்றதில் குங்குமம் உள்ளே தெறித்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸ் இருக்கும் இடத்தைச் சுற்றிச் செந்தூளாகத் தெரிந்தது. மூடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். எல்லாம் ஸ்டார் ஸ்குரூ. எஸ்.பி. ரோடு முழுக்கப் பூஜை போட்டுப் பூட்டியிருக்கும். வீட்டில் இருந்த ஸ்குரூடிரைவர்கள் அத்தனையும் சரஸ்வதியின் காலடியில், உதிரிப்பூவுக்கு அடியில். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும்.

மனோகர் குனிந்து கையை நீட்டினான்.

“தொடாதே” என்றாள் வசந்தா.

அவள் சாஸ்திரம் பார்க்கிறவள் அல்ல. ஆனால் முந்தைய வருஷம் இதே நாளில் மனோகர் வண்டிச் செயினை இறுக்க ஸ்பேனரை எடுத்தான். அடுத்த வாரம் பட்டறையில் அவன் ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தம்பியின் கை நீண்டபோது அவள் பார்த்தது அந்த விரலைத்தான்.

நகவெட்டியின் முனையை ஸ்குரூவில் வைத்துப் பார்த்தேன். வழுக்கியது. இன்னும் முயன்றால் ஸ்குரூவின் தலைதான் மழுங்கும்.

மறுபடி ஃபோன் அடித்தது. வசந்தா எடுத்தாள். எங்களுக்குக் கேட்டது அவள் பக்கத்து ‘ம்’ மட்டும்தான். வைத்துவிட்டு வந்து சொன்னாள். கொஞ்சம் தாமதமாகும் என்று ஃபிலோமினா டீச்சர் மாமியாரிடம் சொன்னாராம். அந்த அம்மா பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

“காட்ட இஷ்டமில்லாம சாக்கு சொல்றேன்னு நெனைக்கிறாங்களாம். சாயங்கால ரயிலுக்கே கெளம்பிடுவாங்கன்னு பயப்படுறா.”

மேலே ஸ்டெபிலைசர் ‘டிக்’ என்றது. தெரு முழுக்கச் சீரியல் விளக்குப் போட்டிருந்ததால் மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வசந்தா முகம் கழுவிவிட்டு வந்தாள். கற்பூரத் தட்டை எடுத்தாள். தம்பியையும் என்னையும் தள்ளி நிற்கச் சொன்னாள். மறுநாள் செய்ய வேண்டிய புனர்பூஜையை அப்போதே செய்தாள். மிச்சமிருந்த வடைதான் நைவேத்தியம். கற்பூரம் அணைந்ததும் படத்தைக் கையால் தொட்டு, வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தினாள்.

பிறகு பூவை விலக்கி ஸ்குரூடிரைவரை அவளே எடுத்தாள். மனோகர் கையை நீட்டினான். கொடுக்கவில்லை.

“நீ வேணாம். எப்படிச் சுத்தணும்னு மட்டும் சொல்லு.”

“சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டாங்களா அக்கா?”

“அவங்க டீச்சர். டீச்சர் கஷ்டம் புரியும்” என்றாள்.

லோடிங்

ஸ்குரூக்களை வசந்தா கழற்றினாள். மருந்துக்கடை திறந்திருந்தது, ஸ்பிரிட்டும் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியும் வாங்கி வந்தேன். லென்ஸ் ஒரு மிளகு அளவுகூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. மறுபடி துடைத்தேன். வெளிர்சிவப்பு. மறுபடி. மூன்று பேர் தலையும் அந்தப் பெட்டிக்குமேல் முட்டிக்கொண்டிருந்தன. ஸ்பிரிட் வாசனையும் கற்பூர வாசனையும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் பூஜை போட்ட மாதிரி இருந்தது.

டிஸ்கைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். சந்தனத்தில் இருந்த மணல் உள்விளிம்பில் கீறலாகப் பதிந்திருந்தது. போட்டேன். ‘லோடிங்’ என்று வந்தது. அப்படியே நின்றது. மனோகர் பொரிப் பொட்டலத்தைக் கசக்கினான். வசந்தா, கசக்காதே என்றாள்.

படம் வந்தது. இதயத்துக்குள் மாப்பிள்ளை முகம்.

அடுத்த பிரச்சினை அங்கே தொடங்கியது. இப்போது ஃபைனலைஸ் செய்யலாமா? கையேட்டில் எழுதியிருந்தது: அழுக்கோ கீறலோ உள்ள டிஸ்கில் இதைச் செய்தால் பாதியில் நிற்கக்கூடும், நின்றால் டிஸ்கில் உள்ளதை எந்த மிஷினும், இந்த மிஷின்கூட, படிக்காமல் போகலாம். செய்யாவிட்டால் டீச்சர் வீட்டு பிளேயரில் ஓடாது. வேறொரு டேப்பில் பிரதி எடுக்கவும் வழியில்லை. கடன் வாங்கிய டெக் டேப்பை மென்றதோடு சரி, இன்னும் ரிப்பேரில் இருந்தது. எதையும் இரண்டு பிரதி எடுக்கும் பழக்கம் எனக்கு அதன்பின் வந்தது.

அது எங்கள் டிஸ்க் அல்ல. முடிவும் எங்களுடையதாக இருக்க முடியாது. ஃபோன் செய்தேன். பொட்டு வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் செய்தி சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன்.

“அப்ப நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க சார்” என்றார் ஃபிலோமினா டீச்சர். “மிஷினைத் தொடாதீங்க. நான் அவங்கள அங்க கூட்டிட்டு வர்றேன்.”

வருவாரா என்று கேட்டேன்.

“தெரியல” என்றார்.

வாசலோரம் ஒரு நாற்காலி

வாழைக்கன்று கட்டிய ஆட்டோ ஒன்றில் வந்து இறங்கினார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. முனியம்மாள் உயரமானவர். நரைத்த கொண்டை, இஸ்திரி போட்ட காட்டன் புடவை, மடியைவிட்டு இறங்காத ஒரு ரெக்சின் பை. ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்ததாக மனோகர் பிறகு சொன்னான்.

சோபாவைக் காட்டினோம். உட்காரவில்லை. செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், வாசலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். ஃபிலோமினா டீச்சர் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார்.

“காபி?” என்றாள் வசந்தா.

“வேணாம்மா. ரயில் இருக்குது” என்றார். எந்த ரயில் என்று யாரும் கேட்கவில்லை.

பொத்தானை அழுத்தினேன். ‘லோடிங்’ மறுபடி நின்றது. இந்த முறை இன்னும் நீளமாக. மிஷின் உள்ளே உறுமியது, ஓய்ந்தது, உறுமியது. முனியம்மாள் திரையைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வை சொன்னது எனக்கே புரிந்தது. ஃபிலோமினா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

படம் வந்தது.

இதயங்கள் மோதி முடிந்து சர்ச் வந்தது. முதுகுகள். பாட்டுக்குழு பாடியது. சாமியார் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தார். “ஜோசப் செல்வராஜ்.” ரெக்சின் பையின் கைப்பிடியை முனியம்மாளின் விரல்கள் இறுக்கிப் பிடித்தன. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். வசந்தாவும் அப்படித்தான் நினைத்தாள். சமையலறை வாசலிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள்.

அப்போது திரையில் செல்வராஜ் திரும்பிப் பார்த்தார். பிறகு பீடத்தின் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி திரும்பிப் பார்த்தார்.

“யாரத் தம்பி பாக்குறான்?” என்று என்னைக் கேட்டார் முனியம்மாள்.

வீடியோக்காரரை, என்று சொல்ல வாயெடுத்தேன்.

“உங்களத்தான்” என்றார் ஃபிலோமினா டீச்சர். சுவரை விட்டு நகராமல்தான் சொன்னார். “கடைசி நிமிஷத்துல வந்துடுவீங்கன்னு நெனச்சாரு. தாலி கட்டுற வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாரு. சாமியார்கூட மெதுவா கடிஞ்சுக்கிட்டாரு.”

வீடியோக்காரர் நின்றது தலைவாசலில். என் அடிவரி தப்பு.

திரையில் சாமியார் தாலியை மந்திரித்தார். செல்வராஜ் இன்னொரு தடவை தலையைத் திருப்பினார். இந்த முறை தோளும் சேர்ந்து திரும்பியது.

“நிறுத்து தம்பி.”

பாஸ் பொத்தானை அழுத்தினேன். முகம் நின்றது. ஒட்ட வெட்டிய மீசை. நெற்றியில் வியர்வை. நேராக எங்கள் வாசலைப் பார்க்கும் கண்கள்.

முனியம்மாள் எழுந்தார். பையை நாற்காலியிலேயே வைத்தார். டிவிக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து ஃபிலோமினா டீச்சரும் சுவரை விட்டு வந்து, அவருக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்தார்.

அந்த ரெக்கார்டரில் இன்னொரு குறை உண்டு. பாஸில் போட்ட படத்தை அது சில நிமிஷங்களுக்கு மேல் பிடித்து வைக்காது. தானாக நின்று நீலத்திரைக்குப் போய்விடும். அப்படி நின்றால் மறுபடி லோடிங். அந்த லோடிங் இன்னொரு தடவை முடியும் என்பதற்கு ஓர் உத்தரவாதமும் இல்லை. ஆகவே மிஷின் தானாக விடுவதற்கு முன்பாக நான் விட்டுப் பிடித்தேன். ப்ளே, உடனே பாஸ்.

ஒவ்வொரு முறை விட்டுப் பிடிக்கும்போதும் செல்வராஜ் கொஞ்சம் நகர்ந்தார். முதலில் கண் வாசலை விட்டு விலகியது. பிறகு கன்னம் திரும்பியது. ஸ்டெபிலைசர் ‘டிக்’ என்றது. என் கட்டைவிரல் வியர்த்தது. இரண்டு பெண்களும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி விட்டுப் பிடித்தேன். காதும் கிருதாவும் மட்டும் தெரிந்தன. மறுபடி. எண்ணெய் தடவி வாரிய பின்தலை.

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று தெரியாது. முனியம்மாள் பக்கத்தில் தரையைத் தடவினார். மருமகளின் புடவைத் தலைப்பு கைக்குப் பட்டது. அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போதும் தம்பி, உட்டுடு” என்றார். “தாலி கட்டட்டும்.”